பிரீதர், ஃபில்டர், புல்லட்: மாற்றுபவர்கள் பெறுவதும் இழப்பதும்

பழைய புல்லட் நிற்கும் வீட்டு வாசலில் எண்ணெய்க் கறை இருப்பது யாருக்கும் புதிதல்ல. மெக்கானிக்கைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: ‘பிரீதர் ஆயில் கக்குது சார்.’ வைத்தியம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் ரப்பர் குழாயை நீட்டிப் பின்சக்கரம் வரை கொண்டுபோய் விடுவார். இன்னொருவர் இடையில் ஒரு டப்பாவைக் கட்டுவார். மூன்றாமவர் காரிலிருந்து கழற்றிய ஒருவழி வால்வு ஒன்றைக் குழாய்க்குள் செருகுவார். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, ‘அப்படியே அந்த ஃபில்டர் டப்பாவை எடுத்துட்டு கோன் ஃபில்டர் போட்டுடுங்க, சவுண்டு நல்லா இருக்கும்’ என்று வாடிக்கையாளர் சொல்வதும் உண்டு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளிலும் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகச் சந்துகளிலும் இதற்கு வேண்டிய சாமான் எல்லாம் கிடைக்கும்.

இந்த இரண்டு மாற்றங்களும் உண்மையில் என்ன தருகின்றன? ஆதரவாளர்கள் சக்தி கூடும், கசிவு நிற்கும், இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்கிறார்கள். எதிர்ப்பவர்கள் கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா என்று கேட்டு முடித்துக்கொள்கிறார்கள். இரு தரப்பும் பிரீதரை ஒரு பேச்சாகவும் ஃபில்டரை வேறொரு பேச்சாகவும் வைத்திருக்கின்றன. இன்ஜினில் அவை அப்படிப் பிரிந்திருக்கவில்லை. நவீன இன்ஜினில், அடிப்பெட்டியின் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் போய்ச் சேரும் இடமே ஃபில்டர் டப்பாதான். ஒன்றைத் தொட்டால் மற்றொன்றும் மாறும். இதை விட்டுவிட்டுச் செய்யும் வேலைதான் பல வண்டிகளில் புதிய கோளாறாகத் திரும்பி வருகிறது.

பிஸ்டனுக்குக் கீழே ஒரு பம்ப்

பிஸ்டனின் மேல்புறத்தில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்: காற்றும் பெட்ரோலும் வந்து, அழுந்தி, எரிந்து, வெளியேறும். கீழ்ப்புறத்தில் நடப்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கிராங்க்கேஸ் என்னும் அடிப்பெட்டிக்குள் இருக்கும் காற்றை அழுத்துகிறது. மேலே ஏறும்போது உறிஞ்சுகிறது.

வார்ப்பிரும்பு புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது பிஸ்டன் நொடிக்கு 50 முறை இறங்குகிறது. அதாவது நொடிக்கு ஏறக்குறைய 17 லிட்டர் காற்று கிராங்க்கேஸுக்கு வெளியே போக முயல்கிறது. அதே அளவு திரும்பி உள்ளே வரவும் முயல்கிறது. இதோடு பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் எரிவாயுவும் சேர்கிறது. முழு திராட்டிலில் உள்ளே வரும் கலவையில் ஒரு சதவீதம் இப்படிக் கசிவதாக வைத்துக்கொண்டாலும், அது நொடிக்கு 0.1 லிட்டரைத் தாண்டாது. பிஸ்டன் தள்ளி இழுக்கும் காற்றோ அதைப்போல ஏறக்குறைய இருநூறு மடங்கு.

பிரீதர் பற்றிய எல்லா வாதங்களுக்கும் இந்த விகிதம்தான் திறவுகோல். ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் பிரீதரின் பெரும்பாடு கசிவு வாயுவால் வருவதில்லை. போய் வரும் காற்றால் வருகிறது. அந்தக் காற்று கிராங்க் சுழன்று தெறிக்கும் எண்ணெய்த் துளிகளையும் தன்னோடு அள்ளிக்கொண்டு போகிறது.

எல்லா இன்ஜினுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் இரண்டு பிஸ்டன்கள் இறங்கும்போது இரண்டு ஏறுகின்றன. கிராங்க்கேஸின் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. பழைய டிரையம்ப், பிஎஸ்ஏ 360 டிகிரி ட்வின்களில் இரண்டு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்குவதால் அவை பெரிய ஒற்றை சிலிண்டர் போலவே மூச்சு விடுகின்றன. பிஎம்டபிள்யூ பாக்ஸரில் எதிரெதிரே இருக்கும் இரண்டு பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் வெளியே போய் ஒரே நேரத்தில் உள்ளே வருகின்றன; கிராங்க்கேஸின் கொள்ளளவு முழு சிசி அளவுக்கு மாறுகிறது. ஆகவே ஜப்பானிய நான்கு சிலிண்டர் வண்டியில் பிரீதர் மாற்றம் ஒன்றும் தரவில்லை என்ற அனுபவத்தைப் புல்லட்டுக்குச் சொல்வதும், புல்லட்டில் கண்ட பலனை அதற்குச் சொல்வதும் வீண்.

கம்பெனிகள் தேடிய வழிகள்

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட விடைகள் ஒரே கருத்தைச் சுற்றித்தான் வருகின்றன: காற்று வெளியே போகட்டும், திரும்பி வராமல் தடுப்போம். அப்படிச் செய்தால் சில சுற்றுகளிலேயே கிராங்க்கேஸுக்குள் சராசரி அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அதன்பிறகு வெளியேற வேண்டியது புதிதாகக் கசிந்து வரும் வாயு மட்டுமே. ஆயில் சீல்களிலும் கேஸ்கட் ஓரங்களிலும் எண்ணெய் வெளியே தள்ளப்படுவதும் குறையும்.

டிரையம்ப் 650 ட்வின்களில் கேம்ஷாஃப்ட் முனையில் சுழலும் தட்டு வால்வு ஒன்று இந்த வேலையைச் செய்தது. பிஸ்டன் இறங்கும் நேரத்தில் துளை திறக்கும், ஏறும் நேரத்தில் மூடும். 1970 மாடலில் டிரையம்ப் இதைக் கைவிட்டது. கிராங்க்கேஸிலிருந்து பிரைமரி செயின் அறைக்குள் சிறு துளைகளைப் போட்டு, அந்த அறையின் பின்பகுதியிலிருந்து அகலமான குழாய் வழியாகக் காற்றை வெளியே விட்டது. செயின் அறையின் பரந்த வெளியில் காற்று வேகம் குறைந்து, எண்ணெய்த் துளிகள் அங்கேயே விழுந்துவிடும். வால்வு இல்லை, தேயும் பாகமும் இல்லை. எண்ணெயைப் பிரிக்கப் பெரிய இடம் கொடுப்பதுதான் நல்ல வழி என்பதற்கு இது ஒரு சான்று. இன்று கடைகளில் விற்கும் கேட்ச் கேனின் அடிப்படையும் அதுவே.

ஹார்லி-டேவிட்சனின் கதை நீளமானது. 1936-இல் வந்த நக்கிள்ஹெட் முதல் எவல்யூஷன் காலம் வரை அதன் பெரிய வி-ட்வின்களில் கேம் அறைக்குள் பல்சக்கரத்தோடு சுழலும் பிரீதர் வால்வு இருந்தது. 1999 மாடலில் வந்த ட்வின் கேம் இன்ஜினில் அது போய்விட்டது. அதற்குப் பதிலாக சிலிண்டர் ஹெட்டின் மேலுள்ள ராக்கர் பெட்டியில் குடை வடிவச் சிறு ரப்பர் வால்வுகள் வந்தன. அவற்றைத் தாண்டும் ஆவி நேராக ஏர் கிளீனருக்குள் போய் மீண்டும் எரியும். சுற்றுச்சூழல் விதிகளுக்கு இது ஒத்துப்போனது. வேகமாக நெடுந்தூரம் ஓட்டுபவர்களின் ஏர் ஃபில்டரோ எண்ணெயில் நனைந்தது. அதைத் தீர்க்க ஒரு துணைப் பாகச் சந்தையே அமெரிக்காவில் வளர்ந்தது.

புல்லட் எளிமையான வழியைத்தான் பிடித்தது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் வண்டி தயாரான காலத்திலிருந்து அந்த இன்ஜினின் அடிப்படை அமைப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறவில்லை. எண்ணெய்த் தொட்டி தனியாக இல்லை. கிராங்க்கேஸ் வார்ப்பின் பின்பகுதியிலேயே ஒரு அறையாக இருக்கிறது. பிற்கால வார்ப்பிரும்பு மாடல்களில் பிரீதர் குழாயின் முனையில் வாத்து அலகு வடிவில் ஒரு ரப்பர் இருக்கும். அழுத்தம் வந்தால் அதன் உதடுகள் திறக்கும், உறிஞ்சல் வந்தால் ஒட்டிக்கொள்ளும். விலை மலிவு, வேலையும் சரியாகச் செய்யும். ஆனால் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து சில வருடங்களில் விறைத்துப்போகும். விறைத்த ரப்பர் திறந்தபடியே நின்றால் காற்று போய் வரும். ஒட்டியபடி நின்றால் கிராங்க்கேஸில் அழுத்தம் கட்டி, எண்ணெய் கிடைத்த வழியில் பீறிடும். புல்லட்டுக்குப் பிறவியிலேயே கசிவுக் குணம் உண்டு என்ற பெயருக்கு இந்தச் சின்ன ரப்பரின் பங்கு கணிசமானது.

குழாய், டப்பா, வால்வு

இப்போது மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மிக மலிவானது குழாயை நீட்டிப் பின்பக்கம் விடுவது. நீண்ட, அகலமான குழாய்க்கு ஒரு நன்மை உண்டு: அதற்குள் இருக்கும் காற்றே ஒரு தக்கை போல முன்னும் பின்னும் ஆடி, வெளிக்காற்று உள்ளே வருவதைக் குறைக்கும். ஆனால் குழாய் எங்கும் தொய்ந்து தொங்கக் கூடாது. தொய்ந்த இடத்தில் எண்ணெயும் நீரும் தேங்கி வழியை அடைக்கும். உட்புற விட்டத்தைக் குறைப்பதும் தவறு. கிடைத்த மெல்லிய பெட்ரோல் குழாயை அவசரத்துக்கு மாட்டியதால் சீல்கள் பிதுங்கிய கதைகள் ஏராளம்.

முனையை எங்கே விடுவது என்பது இன்னும் முக்கியம். செயினுக்கு மேலே விட்டால் செயினுக்குத் தானாக எண்ணெய் கிடைக்கும் என்று சிலர் மகிழ்வார்கள். அந்த எண்ணெய் பின் டயரின் ஓரத்துக்கும் போகும். வளைவில் சாயும்போது சாலையைத் தொடுவது அந்த ஓரம்தான். பந்தயங்களில் இதற்கு விதியே இருக்கிறது. சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் விதிகளில், இன்ஜின் பிரீதர் வெளியே விடப்பட்டால் குறைந்தது 500 சிசி கொள்ளளவுள்ள பிடிப்புத் தொட்டி வேண்டும். கியர்பாக்ஸ் பிரீதருக்கு 250 சிசி.

இரண்டாவது, டப்பா. கேட்ச் கேன் என்ற பெயரில் பளபளக்கும் அலுமினிய உருளைகள் விற்கின்றன. உள்ளே தடுப்புத் தகடோ எஃகுச் சுருளோ இல்லாத வெறும் டப்பா பாதி வேலையைத்தான் செய்யும். ஆவி ஒரு பக்கம் நுழைந்து, திசை மாறி, வேகம் இழந்து, துளிகளைக் கீழே விட்டுவிட்டு மேலே வெளியேற வேண்டும். டப்பா இன்ஜினைவிட உயரத்தில் இருந்தால் சேர்ந்த எண்ணெய் கிராங்க்கேஸுக்கே திரும்ப வடியும். ஆனால் எல்லா நேரமும் அது விரும்பத்தக்கதல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. அதில் சிறு பங்கு ரிங்குகளைத் தாண்டிக் கீழே வரும். இன்ஜின் முழுச் சூடேறாமல் பால் வாங்கவும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்த நீர் டப்பாவில் எண்ணெயோடு கலந்து வெள்ளைக் கூழாக நிற்கும். அதை இன்ஜினுக்குள் திருப்பி விடுவதைவிட வடிகுழாய் வைத்து வெளியே எடுப்பதே மேல்.

மூன்றாவது, ஒருவழி வால்வு. அளவிடக்கூடிய பலனை ஒற்றை சிலிண்டரிலும் 360 டிகிரி ட்வினிலும் தருவது இதுதான். கார் பிரேக் பூஸ்டரில் இருக்கும் வால்வை நார்ட்டன், டிரையம்ப் உரிமையாளர்கள் பல காலமாகப் பயன்படுத்துகிறார்கள். டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் ரீட் வால்வை அதற்கேற்ற பெட்டிக்குள் வைப்பவர்களும் உண்டு. மெல்லிய எஃகு அல்லது நார்த் தகடு என்பதால் ரீட் வால்வு வேகமாகத் திறந்து மூடும். ஸ்பிரிங்கும் உருண்டையும் கொண்ட வால்வு அதிக சுற்றில் தடுமாறும். வால்வு கிராங்க்கேஸுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு மீட்டர் குழாயின் கடைசியில் மாட்டினால், அதற்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள காற்று அமுங்கி விரிந்தே வால்வின் வேலையைக் கெடுத்துவிடும்.

இவற்றால் குதிரைத்திறன் கூடுமா? கிராங்க்கேஸ் அழுத்தம் குறைவதால் மிச்சமாகும் சக்தி சாலை வண்டியில் ஓட்டுபவர் உணரும் அளவுக்கு வருவதில்லை. எண்ணெய்க் கசிவு குறையும், அவ்வளவுதான். பழைய புல்லட் வைத்திருப்பவருக்கு அதுவே போதுமான லாபம்.

பழுது எங்கே என்று பார்க்காமல்

பிரீதர் எண்ணெய் கக்குவது பல நேரம் வேறொரு நோயின் அறிகுறி. தேய்ந்த ரிங்குகளோடு ஓடும் இன்ஜினில் கசிவு வாயு ஒரு சதவீதத்தோடு நிற்காது. அதற்கு எவ்வளவு பெரிய டப்பா கட்டினாலும் நிரம்பிக்கொண்டே இருக்கும். அதைவிடச் சாதாரணக் காரணம், அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றுவது. புல்லட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு: வண்டி பல வாரம் நின்றால் எண்ணெய் தன் அறையிலிருந்து பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறையில் சேர்ந்துவிடும். அளவுகோலில் மட்டம் குறைவாகத் தெரிவதால் உரிமையாளர் மேலும் ஊற்றுவார். உதைத்து ஸ்டார்ட் செய்ததும் மிகுதி எல்லாம் பிரீதர் வழியே தரைக்கு வரும். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிறகு மட்டம் பார்த்திருந்தால் எந்த மாற்றமும் தேவைப்பட்டிருக்காது.

ரிங்கா வால்வா என்று பிரித்தறிய ஒரு பழைய சோதனை இன்னும் பயன்படுகிறது. பிளக் துளையில் கம்ப்ரஷன் மீட்டர் வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். பிறகு ஒரு ஸ்பூன் எண்ணெய் உள்ளே விட்டு மறுபடி பார்ப்பார்கள். எண்ணெய் ரிங் இடுக்குகளைத் தற்காலிகமாக அடைப்பதால், முள் கணிசமாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஏறாவிட்டால் சந்தேகம் வால்வுகள் பக்கம் போகும்.

கிராங்க்கேஸ் அழுத்தத்தையே நேரடியாக அளக்கவும் பெரிய கருவி வேண்டாம். தெளிவான பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துப் பாதி நீர் ஊற்றி, ஒரு முனையை எண்ணெய் ஊற்றும் துளையில் காற்று புகாமல் பொருத்தினால் போதும். துடிப்பைத் தணிக்கக் குழாயின் வழியில் ஒரு குறுகிய துளை வைப்பார்கள். மாற்றத்துக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை பார்த்தால், வால்வு வேலை செய்கிறதா இல்லையா என்பது மட்ட வித்தியாசத்தில் தெரிந்துவிடும்.

ஃபில்டர் டப்பாவைக் கழற்றினால்

அதே நீர்க்குழாய் ஏர் ஃபில்டர் விவாதத்தையும் பாதியில் முடித்துவைக்கும். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் இடையே அதை இணைத்து, முழு திராட்டிலில் நீர்மட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கலாம். பத்து செ.மீ. நீர்மட்ட வித்தியாசம் என்பது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய ஒரு சதவீதம். ஃபில்டரும் டப்பாவும் சேர்ந்து ஐந்து செ.மீ. மட்டுமே இழுக்கின்றன என்றால், அவற்றை அடியோடு எடுத்துவிட்டாலும் காற்றில் கிடைக்கும் லாபம் அரை சதவீதம்தான். அதைவிட அதிகம் இழுத்தால், ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்தில் சூடு இருக்கிறது. வெளிக்காற்று 40 டிகிரியாக இருக்கும் நாளில், இன்ஜினுக்குப் பின்னால் திறந்து நிற்கும் கோன் ஃபில்டர் பத்து டிகிரி கூடுதல் சூடான காற்றை இழுத்தால் அடர்த்தி மூன்று சதவீதத்துக்கு மேல் குறையும். அரை சதவீதம் சம்பாதிக்கப் போய் மூன்று சதவீதம் விடும் வணிகம் இது. கம்பெனி டப்பா நிழலான ஓரத்திலிருந்து காற்று எடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

எதிர்க்காற்றைப் பயன்படுத்தலாமே என்ற யோசனையும் வருவதுண்டு. கவாசாகி 1990-இல் வெளியிட்ட இசட்எக்ஸ்-11 மாடலில், தொழிற்சாலையிலிருந்தே முன்பக்கக் காற்றை அழுத்திச் செலுத்தும் ராம் ஏர் அமைப்பு வந்தது. எதிர்க்காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 280 கி.மீ. வேகத்தில் அது வளிமண்டல அழுத்தத்தில் மூன்றரை சதவீதம் அளவுக்குப் போகும். பெரிய இன்ஜினுக்கு அது நல்ல லாபம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதே அழுத்தம் அரை சதவீதத்தையும் எட்டாது. புல்லட்டின் முன்னால் புனல் வைப்பதால் மழைநீர் வரும், சக்தி வராது.

பிறகு ஏன் கோன் ஃபில்டர் போட்டதும் வண்டி ‘சும்மா பறக்குது’ என்று தோன்றுகிறது? டப்பா என்பது தூசிக்கு மட்டுமான காவல் அல்ல. உறிஞ்சும்போது எழும் ஓசையை அடக்குவதும், காற்றின் துடிப்பைச் சீராக்குவதும் அதன் வேலை. டப்பா போனதும் உறிஞ்சும் ஓசை ஓட்டுபவரின் தொடைக்குக் கீழேயே கேட்கிறது. காதுக்குக் கிடைத்ததை மனம் வேகமாக எண்ணிக்கொள்கிறது.

கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு விளைவும் உண்டு. தடை குறைந்தால் கலவையில் காற்று கூடி ‘லீன்’ ஆகும். கம்பெனி அமைப்பு சற்று ‘ரிச்’சாக, அதாவது பெட்ரோல் மிகுந்து, இருந்த வண்டியில் இது சில காலம் சுறுசுறுப்பாகவே தெரியும். பிறகு சிலிண்டர் ஹெட் சூடேறும், திராட்டிலை விடும்போது சைலன்சரில் வெடிக்கும், ஏற்றத்தில் தட்டும். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, ஊசியின் கிளிப்பை மாற்றி, பைலட்டையும் சரிசெய்யாமல் ஃபில்டர் மாற்றுவது பாதி வேலை. வெற்றிடத்தால் தட்டு ஏறும் சிவி வகைக் கார்புரேட்டரில் சிக்கல் கூடும். அதன் தட்டு சீரான காற்றோட்டத்தை நம்பி ஏறுவதால், திறந்த கோனுக்குப் பின்னால் பாதி திராட்டிலில் தடுமாறும்.

இந்தியாவில் இப்போது இதில் எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு ஒன்பது பங்கே போதும். பழைய பெட்ரோலுக்கு ஜெட் வைத்த கார்புரேட்டர், புதிய எரிபொருளில் தானாகவே லீனாகத்தான் ஓடுகிறது. அதன்மேல் கோன் ஃபில்டரும் வந்தால் லீன் இரட்டிப்பாகும். முப்பது வருடம் முன் தாங்கிய மாற்றத்தை அதே வண்டி இன்று தாங்காமல் போகலாம்.

இன்ஜெக்ஷன் வண்டிகளின் நிலை வேறு. ஆக்சிஜன் சென்சார் பார்த்துத் திருத்தும் இசியூ, நிதானமான ஓட்டத்தில் கலவையைத் தானே சமன் செய்துவிடும். ஃபில்டர் மாற்றியது அதற்குப் பெரிதாகத் தெரியாது. முழு திராட்டிலில் மட்டும் அது சென்சாரை விட்டு, முன்பே எழுதிய அட்டவணையைப் பின்பற்றும். அங்கே திருத்தம் வேண்டுமென்றால் அட்டவணையை மாற்ற வேண்டும். அமெரிக்காவின் டைனோஜெட்டின் பவர் கமாண்டர், பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் போன்ற கருவிகள் இதற்காகவே விற்கின்றன. இவற்றைப் பொருத்திய பின் டைனோவில் அளந்து பார்க்காவிட்டால், முன்பு ஜெட் மாற்றி ஊகித்ததற்கும் இதற்கும் வேறுபாடு விலையில்தான்.

ஃபில்டர் எடுப்பதற்கு ஒரே ஒரு நியாயமான வழக்கம் லடாக்கில் இருந்தது. 5,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. கார்புரேட்டருக்கு அது தெரியாது; பெட்ரோலை வழக்கம்போல் கொடுக்கும், கலவை ரிச்சாகித் திணறும். கர்துங் லா ஏறும் புல்லட்காரர்கள் ஃபில்டரைக் கழற்றிக் கலவையை ஓரளவு லீனாக்கி ஏறினார்கள். தந்திரம் பலித்தது. அந்தப் பாதையின் தூசியும் அப்படியே சிலிண்டருக்குள் போனது.

தூசியின் இரண்டாவது வாசல்

சாலைத் தூசியில் கணிசமான பங்கு குவார்ட்ஸ் மணல். கடினத்தன்மை அளவில் அது ஏழு. சிலிண்டர் வார்ப்பிரும்பையும் பிஸ்டன் அலுமினியத்தையும் கீறப் போதுமானது. காகித ஃபில்டர் நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும், நிறைந்ததும் அடைத்துவிடும். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் 1969-இல் தொடங்கிய கே அண்டு என் நிறுவனம் புகழ் பெறச் செய்த எண்ணெய் தடவிய பருத்தி வலை ஃபில்டர் காற்றை எளிதாக விடும், கழுவிப் பல வருடம் பயன்படுத்தலாம். ஆனால் பொதுவாக நுண்தூசியைப் பிடிப்பதில் நல்ல காகிதத்துக்குப் பின்னால்தான் நிற்கும். எண்ணெய் தடவ மறந்தால் அது வெறும் வலை. ஈர ஃபோம் ஃபில்டர் மண்சாலைப் பந்தய வண்டிகளின் தேர்வு. அடிக்கடி கழுவ நேரம் இருப்பவர்களுக்கு நல்லது.

எந்த ஃபில்டர் போட்டாலும் காவலில்லாமல் கிடக்கும் ஒரு வாசல் உண்டு. ஃபில்டர் டப்பாவை எடுத்ததும் அதில் செருகியிருந்த பிரீதர் குழாய் அநாதையாகிறது. பலர் அதைச் செயினுக்கருகே தொங்கவிடுவார்கள். ஒருவழி வால்வு இல்லாத ஒற்றை சிலிண்டரில் பிஸ்டன் ஏறும்போதெல்லாம் அந்தக் குழாய் உள்ளே இழுக்கிறது. பின்சக்கரம் கிளப்பும் தூசியும் மழைநாளில் சேறும் அதன் வாயருகே இருக்கின்றன. சிலிண்டருக்குள் போகும் காற்றுக்கு விலை உயர்ந்த ஃபில்டர், எண்ணெய் அறைக்குள் போகும் காற்றுக்கு ஒன்றுமில்லை. அந்த மணல் எண்ணெயோடு கலந்து பேரிங்குகளையும் ரிங்குகளையும் தேய்க்கும். ரிங் தேய்ந்தால் கசிவு வாயு கூடும். பிரீதர் இன்னும் அதிகம் கக்கும். உரிமையாளர் இன்னும் பெரிய டப்பா தேடுவார்.

கோன் ஃபில்டர் வைத்தே தீருவது என்று முடிவு செய்தவர் பிரீதருக்கு வால்வும், வால்வுக்குப் பின் டப்பாவும், டப்பாவின் வாயில் சிறு ஃபில்டரும் வைக்க வேண்டியிருக்கிறது. டப்பாவிலிருந்து மீண்டும் இன்ஜின் உறிஞ்சும் வழிக்கே குழாய் விட்டால் ஆவி எரிந்துபோகும். எண்ணெய் ஆவி அதிகம் போனால் பிஸ்டன் தலையில் கரி படியும். எரிபொருளின் ஆக்டேன் தரமும் குறைந்து தட்டத் தொடங்கும். ஆகவே பிரிப்பு டப்பா தரமாக இல்லாவிட்டால் இந்த வழியிலும் இழப்பு உண்டு.

சட்டம் பார்ப்பதும் பார்க்காததும்

கிராங்க்கேஸ் ஆவியைக் காற்றில் விடக் கூடாது என்ற எண்ணம் லாஸ் ஏஞ்சலஸின் புகைமூட்டத்திலிருந்து பிறந்தது. கட்டுப்பாடு வருமுன் ஒரு கார் வெளிவிட்ட ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிராங்க்கேஸிலிருந்து வந்தது. 1961 மாடலிலிருந்து கலிஃபோர்னியாவில் விற்ற புதிய கார்களில் அந்த ஆவியை மீண்டும் இன்ஜினுக்குள் திருப்பும் வால்வு வந்தது. அமெரிக்க மோட்டார் சைக்கிள்களுக்கு 1980 மாடலிலிருந்து கிராங்க்கேஸ் ஆவியை வெளியே விடத் தடை வந்தது. கலவையைத் திருத்தும் கருவிகளும் தப்பவில்லை. வண்டியின் மாசுக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும் ‘சூப்பர் டியூனர்’ கருவிகள் ஏறக்குறைய 3,40,000 விற்ற வழக்கில், 2016-இல் ஹார்லி-டேவிட்சன் 1.2 கோடி டாலர் அபராதம் செலுத்த ஒப்புக்கொண்டது.

இந்தியாவில் இருசக்கர வண்டிகளுக்கு பிஎஸ்-4 விதி 2017 ஏப்ரலிலும் பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரலிலும் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. காது கிழிக்கும் சைலன்சர்கள் மீது போலீஸ் நடவடிக்கை எடுப்பதைச் செய்திகளில் பார்க்கிறோம். டப்பாவுக்குள் மறைந்திருக்கும் ஃபில்டரையும் சீட்டுக்கு அடியில் ஓடும் ரப்பர் குழாயையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனையும் அவற்றைத் தொடுவதில்லை. பெட்ரோல் வண்டியை ஐட்லிங்கில் ஓடவிட்டு, சைலன்சர் வாயில் கம்பியைச் செருகி, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்த்துச் சீட்டு கொடுக்கிறார்கள். பிரீதரைக் கழற்றிச் சாலையில் தொங்கவிட்ட வண்டிக்கு, எண்ணெய் ஆவி இன்ஜினுக்குள் போகாததால், அந்தச் சோதனையில் எண்கள் சற்று நன்றாகவே வரவும் கூடும். அது வெளிவிடும் ஆவியை அளக்கும் கருவி அந்த நிலையத்தில் இல்லை.